பாவம் போதாது

"இதுல பாவமே இல்லையே, பிரதர்."

போதகர் அந்த ஒரு பக்கத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தால் ஒருவேளை தெரியுமோ என்று நினைத்தவர் போல மறுபடியும் ஒருமுறை படித்தார். தெரியவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்குப் பெருமையாக இருந்தது.

"ஆமாங்க ஐயா. நான் அப்படித்தான் வாழ்ந்திருக்கேன்."

"அதுதான் சிக்கலே."

அவர் பேருந்துப் பணிமனையில் ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட்டு, பிரேக் லைனிங், ஹெட்லைட் பல்பு என்று எதுவும் அவர் கையெழுத்தில்லாமல் அந்தக் கம்பி வலைக் கதவைத் தாண்டாது. மெக்கானிக்குகள் அவருக்கு 'சுத்தம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் யாராவது ஒருவன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, "சுத்தம்!" என்று பெருமூச்சு விடுவான். அதைப் பாராட்டு என்றே அவர் இத்தனை வருடங்களாக எடுத்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தைந்து வயதில் அவருக்கு ஊழியத்துக்கு அழைப்பு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தில் வசன எண்ணைத் தப்பாகச் சொன்னார். முதல் வரிசையிலிருந்த சுத்தம் எழுந்து திருத்தினார். சபை மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது. அந்த நொடியில், தான் நிற்கவேண்டிய இடம் மேடைதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. உடனே இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார். மூன்று வருடப் படிப்பு. விடுதியிலேயே தங்க வேண்டும். குடும்பத்துக்கு அங்கே இடமில்லை.

"கல்லூரிக்காரங்க முதல்ல பாக்கறது சாட்சியைத்தான்," என்றார் போதகர். "நீங்க எப்படி இருந்தீங்க, ஆண்டவர் உங்களை எதுலேர்ந்து தூக்கி எடுத்தார், அதைச் சொல்லணும். போன வருஷம் சேர்ந்தவர் சிறையில இருந்து வந்தவர். அவர் பேசினப்ப முதல்வரே அழுதுட்டாராம். நீங்க என்ன எழுதியிருக்கீங்க? 'சிறுவயது முதல் தவறாமல் ஆலயம் சென்றேன். யாருக்கும் தீங்கு செய்ததில்லை. நேரம் தவறியதில்லை.' இதைப் படிச்சு யாருங்க அழுவாங்க?"

"அப்ப நல்லவனுக்கு அங்க இடமில்லையா?"

"யோசிச்சுப் பாருங்க. மனுஷன்னா ஏதாவது இருக்கும்."

சுத்தம் நேர்மையாகவே யோசித்தார். வாரம் முழுக்க யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் மனைவியிடமே கேட்டுவிட்டார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏதாவது தப்பு பண்ணியிருக்கேனா?"

அவள் கை நின்றது. "இப்ப எதுக்குங்க?"

"சேர்க்கைக்கு வேணும்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு?"

அவள் சட்டையின் காலரை நீவி மடித்தாள். "ஒண்ணுமில்லீங்க."

"அதைத்தான் நானும் போதகர்கிட்ட சொன்னேன்."

வேறு வழி இல்லாமல், இல்லாத பாவத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார். கொலை அதிகம். பெண் விவகாரம் என்றால் பரிதாபத்தோடு எல்லோரும் மனைவியைப் பார்ப்பார்கள். குடிதான் சரியாக வந்தது. குடித்தவனை ஊர் திட்டும், விட்டவனை ஊர் கொண்டாடும். பேனாவை எடுத்து எழுதினார்: 'வேலை முடிந்ததும், விடுமுறை நாட்கள் நீங்கலாக, தினமும் குடித்தேன்.'

போதகர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "குடிகாரன் லீவு நாள்ல குடிக்க மாட்டானா?"

"அது... லீவு நாள்ல வீட்டுல வேலை இருக்கும்."

போதகர் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். நம்பினாரா என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று வருடம் முதல் வரிசை காலியாக இருக்கும் என்ற எண்ணம் அவர் முகத்தில் மெல்லப் பரவியதைப் பார்க்க முடிந்தது.

"இன்னும் கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னாடி சொல்லுங்க. அப்பத்தான் பரிந்துரையில நான் எழுத முடியும்."

உருக்கத்துக்கு எங்கே போவது? பணிமனையில் பேருந்துகளுக்கு வண்ணம் பூசும் பெயிண்டர் ஒருவன் இருந்தான். அவன் குடிப்பது ஊருக்கே தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுத்தம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவன் பயந்துபோய் எழுந்துவிட்டான்.

"தின்னர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துட்டேண்ணே."

"அதுக்கு வரல. குடிச்சா எப்படிப்பா இருக்கும்?"

பெயிண்டர் சுற்றுமுற்றும் பார்த்தான். "வீட்டுல ஏதாவது பிரச்னையாண்ணே?"

"பிரச்னையெல்லாம் இல்ல. சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

அவன் கொஞ்ச நேரம் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "குடிக்கிறதுல சொல்றதுக்கு என்னண்ணே இருக்கு. மறுநாள் காலைல எழுந்து அவ முகத்தைப் பாக்கணும் பாருங்க, அதுதாண்ணே கஷ்டம்."

"நல்லா இருக்கே!" சுத்தம் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். "பொண்டாட்டியை அடிச்சேன்னு சேத்துக்கலாமா?"

"அடிச்சிருக்கீங்களா?"

"சேச்சே."

"அப்ப வேணாண்ணே. அடிச்ச எனக்கே அதைச் சொல்ல நாக்கு கூசும்."

சுத்தம் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேசினார். காலையில் எழுந்து மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பல் துலக்கியதைச் சொன்னபோது பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள்மேல் கை வைத்ததைச் சொன்னபோது ஆண்கள் தலை குனிந்தார்கள். இரண்டாவது வரிசையில் இருந்த மனைவி நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கூட்டம் சூழ்ந்தது. இத்தனை வருடங்களாக அவரைக் கண்டால் வேறு வாசல் வழியாகப் போனவர்கள் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்கள். நல்லவனாக இருந்தபோது ஒருவரும் அவர் கையைத் தொட்டதில்லை.

போதகர் மட்டும் ஓரமாக அழைத்துப்போனார்.

"எல்லாம் சரி. ஆனா உங்க சம்பளத்துல தினம் எப்படிக் குடிச்சீங்கன்னு தேர்வுக்குழு கேட்டா?"

அடுத்த வாரம் பக்கத்துச் சபையில் அழைத்திருந்தார்கள். அங்கே சுத்தம் ஒரு வரி கூட்டிச் சொன்னார்: பணிமனைச் சாமான்களைத் திருடி விற்றுக் குடித்தேன்.

அந்தச் சபையில் பணிமனை மேலாளரின் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமையே ஸ்டோரைப் பூட்டிச் சோதனை போட்டார்கள். இரண்டு நாள் எண்ணினார்கள். மேலாளர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு வாஷர்கூடக் குறையலையேய்யா."

"குறையாதுங்க சார்," என்றார் சுத்தம், பழக்க தோஷத்தில்.

"அப்ப நீ திருடலையா?"

சுத்தம் கணக்குப் போட்டார். திருடவில்லை என்றால் சாட்சி பொய். சாட்சி பொய் என்றால் பரிந்துரை கிடையாது. பரிந்துரை இல்லையென்றால் மேடை கிடையாது.

"திருடினேன் சார்."

"சரக்கு சரியா இருக்கே. அது எப்படி?"

"எல்லாம் கிருபை, சார்."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கிருபைக்கு நான் எந்தப் பத்தியிலய்யா வரவு வைக்கிறது? இவ்வளவு கச்சிதமா மறைச்சிருக்கேன்னா நீ சாதாரண ஆளில்ல. விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வராதே."

அவர் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். விஷயம் அவருக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. பணிமனை முழுக்க ஒரே குரலில் எழும்பியது: "சுத்தம்!"

இரண்டு பேர் ஓடிவந்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். "நீயும் மனுசன்தானாய்யா! சொல்லவே இல்லையே!" என்று தோளில் தட்டினார்கள். வேலை போன நாளில்தான் அவருக்கு அங்கே நண்பர்கள் கிடைத்தார்கள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் யோசித்துவிட்டு, "விடுதி எப்ப ஆரம்பிக்குதுங்க?" என்று கேட்டாள். கணவனின் அழைப்பை இவ்வளவு பணிவாக ஏற்றுக்கொள்ளும் பெண் கிடைப்பது அபூர்வம் என்று அவர் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டார்.

இதற்கிடையே சாட்சி ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. மனைவியின் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். எங்கேயோ டீக்கடையில் அவர் காதில் விழுந்திருக்கிறது. ஏற்றிய பாரத்தோடு லாரியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"எங்க அவன்?"

சுத்தம் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார்.

"உக்காருண்ணே. டீ போடறேன்."

"டீ கெடக்கட்டும். உம்மேல கை வச்சானாமே. இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னியா நீ?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருப்பேன்!"

கதவுக்குப் பின்னாலிருந்த சுத்தத்துக்கு அடுப்பு எரிவது மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது. "நீயா வந்து ஒருதடவை கேட்டிருக்கலாம்ல அண்ணே."

அடடா, என்று நினைத்துக்கொண்டார் சுத்தம். சொல்லிக்கொடுக்காமலே எவ்வளவு இயல்பாகப் பேசுகிறாள்! இவளை வைத்துக்கொண்டு எந்தத் தேர்வுக்குழுவையும் சமாளிக்கலாம்.

"இப்ப நெசமாவே திருந்திட்டானா?"

"மூணு வருஷம் விடுதிலதான் இருக்கணுமாம். விட்டுடுண்ணே. நல்லபடியா போய்ச் சேரட்டும்."

அண்ணன் போகும்போது குளியலறைக் கதவில் ஓங்கி ஒரு குத்து விட்டுவிட்டுப் போனார். கொக்கி வளைந்தது. சுத்தம் வெளியே வந்து முதலில் கொக்கியைப் பார்த்தார், பிறகு மேசையில் இருந்த டம்ளரைப் பார்த்தார்.

"டம்ளர் வெளிப்பக்கம் ஈரமா இருக்கு. துடைக்காமலா கொடுத்தே? வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

அவள் துடைத்தாள்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. திருமணமானவர்கள் மனைவியையும் அழைத்துவர வேண்டும் என்று எழுதியிருந்தது. பேருந்தில் போகும்போது சுத்தம் அவளுக்குப் பாடம் எடுத்தார்.

"மூணே வரிதான். குடிச்சார். அடிச்சார். இப்ப மாறிட்டார். எங்க, சொல்லு."

"குடிச்சார். அடிச்சார். இப்ப மாறிட்டார்."

"மாறிட்டார்ங்கற இடத்துல லேசா சிரிக்கணும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்லூரியின் தாழ்வாரத்தில் சுவரோரமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஏழெட்டு இளைஞர்கள் வரிசையில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் உள்ளே போய்விட்டுச் சிவந்த கண்ணோடு வெளியே வந்தார்கள். போட்டி பலம்தான் என்று சுத்தம் கணக்குப் போட்டார்.

உள்ளே முதல்வரும், ஒரு பேராசிரியை அம்மாவும் இருந்தார்கள். முதல்வருக்கு நரைத்த புருவம், அசதியான முகம். காலையிலிருந்து அழுகையைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தார். சுத்தம் பெயிண்டரின் வரியிலிருந்து ஆரம்பித்து, சுவரைப் பார்த்துப் பல் துலக்கியது, சாமான் திருடியது, வேலை போனது என்று வரிசையாகச் சொல்லி முடித்தார். முதல்வர் கொட்டாவியை விரலால் மறைத்தார். மேசை மேலிருந்த பட்டியலில் பேனா அவர் பெயரை நெருங்கியது. பெயரை அடித்துவிடத்தான் போகிறார் என்று சுத்தத்துக்குப் புரிந்துவிட்டது. வேலையும் இல்லை, மேடையும் இல்லை.

"நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் பேராசிரியை.

"குடிச்சார்," என்றாள் மனைவி.

"அடிச்சாரா?"

"இல்லீங்க."

சுத்தம் இருமினார். அவள் திரும்பவில்லை.

"அடிச்சிருந்தா எங்க அண்ணன் வந்தப்ப காட்டறதுக்கு ஒரு தழும்பாவது இருந்திருக்கும். காட்டற மாதிரி ஒண்ணுமே இல்லீங்க எங்கிட்ட."

முதல்வரின் பேனா நின்றது.

"எனக்குக் காய்ச்சலா இருந்தப்ப ஒருநாள் சமையல்ல உப்பு கொஞ்சம் தூக்கலாயிடுச்சு. ஒரு வார்த்தை திட்டலை. சட்டியோட எடுத்துட்டுப் போய்த் தொட்டியில கொட்டினார். திரும்பச் சமைன்னார். கதவுல சாஞ்சு நின்னு, நான் சமைச்சு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தார். நடுவுல ரெண்டு தடவை உக்காந்துட்டேன். எந்திரின்னுகூடச் சொல்லலை. பாத்துக்கிட்டே இருந்தார், அவ்வளவுதான்."

அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"என் தங்கச்சிக்குப் பிரசவம். போயிட்டு வர நேரமாயிடுச்சு. கதவைத் திறக்கலை. எங்க பொண்ணை மடியில வச்சுக்கிட்டு மாடிப்படியில உக்காந்திருந்தேன். காலைல பால்காரர் வந்தப்ப திறந்தார். அவர்கிட்ட குட் மார்னிங்னு சிரிச்சார். எங்கிட்ட பேசலை. மழைக்காலம் முழுக்கப் பேசலை. அம்மாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட கேளுன்னு எல்லாம் குழந்தை மூலமாத்தான். அதுக்கு அப்பத்தான் பேச்சே வந்திருந்தது."

அருமை, என்று நினைத்தார் சுத்தம். எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது. பெயிண்டர் மனைவியிடம் விசாரித்து வந்திருக்கிறாளோ?

"படியில அவர் செருப்புச் சத்தம் கேட்டா பொண்ணு டிவியை அணைச்சிடும். சிரிச்சுக்கிட்டிருந்தா அதையும் அணைச்சிடும். இப்ப வெளியூர்ல படிக்கிறா. லீவுக்கு வர்றதில்லை. நானும் வான்னு கூப்பிடறதில்லை."

பேராசிரியை கைக்குட்டையை எடுத்துவிட்டார். முதல்வர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சுத்தத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அசதி இல்லை.

"பிரதர், இவங்க சொல்றதெல்லாம் உண்மையா?"

இதற்காகத்தான் சுத்தம் வேலையைத் தொலைத்தார், குளியலறையில் ஒளிந்தார். தலையை நன்றாகத் தாழ்த்தினார். குரலை உடைத்துக்கொண்டார்.

"எல்லாமே உண்மைதாங்க ஐயா. ஒண்ணுவிடாம உண்மை."

மேடைக்கு இவ்வளவு அருகில் வந்துவிட்ட சந்தோஷத்தில் கண்ணீரும் நிஜமாகவே வந்தது. முதல்வர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"காலையிலேர்ந்து எத்தனையோ சாட்சி கேட்டேன். மனைவி முகத்துக்கு நேரா ஒத்துக்கிட்ட ஆள் நீங்க ஒருத்தர்தான். இதுக்குப் பேர்தான் மனந்திரும்புதல். உங்களுக்கு இடம் உண்டு."

பேராசிரியை மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?"

"இவரை எப்பங்க கொண்டுவந்து விடணும்?"

"ஒண்ணாம் தேதி."

"முன்னாடியே விட முடியாதுங்களா?"

முதல்வர் நெகிழ்ந்துபோனார். ஊழியத்துக்கு இப்படித் துடிக்கும் குடும்பத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்றார்.

வெளியே வெயில் தணிந்திருந்தது. கேட்டைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும்தான் சுத்தம் சிரிப்பை அவிழ்த்துவிட்டார். சொல்லிக்கொடுத்த மூன்று வரியில் இரண்டை அவள் விட்டுவிட்டதைக்கூடப் பெருந்தன்மையோடு மன்னித்தார். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக அவளை ஏதோ பாராட்டவேண்டும் போலிருந்தது.

"பிரமாதம் போ! நான் பத்து வருஷம் குடிச்சேன்னு சொல்லியும் அந்தாள் கொட்டாவி விட்டான். நீ வாயைத் திறந்த, கவுந்துட்டான். மழைக்காலம் முழுக்கப் பேசலைன்னு சொன்னே பாரு, கேட்ட எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கண்ணால பாத்த மாதிரி எவ்வளவு கோர்வையா சொல்றே! இவ்வளவு பொய் பேச எங்க கத்துக்கிட்ட நீ?"

தூரத்தில் பேருந்து வருவது தெரிந்தது. அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"குடிச்சார்னு சொன்னேன் பாருங்க, அது ஒண்ணுதான் பொய்."